தெப்பக்காட்டு உணவுப் பட்டியல்

வேனில் எனக்குப் பின்சீட்டுக்காரர்
எதைப் பார்த்தாலும் புலி என்றார்.
மூங்கில் புதர், புலி.
தீத்தடுப்புக் கோட்டோரம் குவிந்த சருகு, புலி.
ஓட்டுநர் கேத்தன் தலை திரும்பாமலே சொன்னார்:
"சார், அது புற்று.
ரெண்டு வருஷமா அதே எடத்துலதான் நிக்குது."

ஒரு மணி நேரத்துக்குக் காடு காட்டியது
ஒரு கடமானின் பின்பக்கம்,
மயில் இரண்டு,
உண்ணிச்செடி, உண்ணிச்செடி, உண்ணிச்செடி.
குணசுந்தரி கொட்டாவியை
முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

எட்டரைக்கு யானை முகாம்.
பலகையில் பெயர், வயது, எடை,
எதிரே கட்டம் கட்டமாக
ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், தேங்காய், உப்பு.
சேலத்தில் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில்
காந்தம் வைத்துத் தொங்கும் டாக்டர் தாளும்
ஏறக்குறைய இதேதான்.
அதில் வெல்லத்துக்குக் கட்டம் கிடையாது.

மூன்றாவது வரியில் வள்ளிக்கண்ணு.
வயது ஐம்பத்து நான்கு, என் வயது.
எடை மூவாயிரத்து நூறு.
என் எடையைக் குணசுந்தரி கேட்பதில்லை,
பெல்ட்டின் ஓட்டைகளை எண்ணுவதோடு சரி.

அன்றைக்கு மருந்து நாள் போலிருக்கிறது.
செங்கல் அளவு ராகிக் கட்டியைக் குடைந்து
உள்ளே நாலு வெள்ளை மாத்திரை வைத்து
வெல்லத்தால் பூசி மூடினார் பாகன்.
அவள் வாய் திறந்தாள்.
ராகி போயிற்று.
வெல்லம் போயிற்று.
கொஞ்ச நேரம் கழித்து
எதுவும் அறியாத முகத்தோடு
வாயோரம் வழியே
ஒன்று,
இரண்டு,
நாலையும் துப்பினாள்.

பாகன் திட்டவில்லை.
குனிந்து பொறுக்கினார்.
லுங்கியில் துடைத்தார்.
அடுத்த கட்டியைக் குடைந்தார்.
இந்த முறை வெல்லம் ஒரு கை கூட.

கம்பிக்கு இப்பால் எல்லாரும் சிரிக்க
நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.
என் காலை மாத்திரை அங்கேதான் கிடந்தது.
லாட்ஜில் தலையை அண்ணாந்து
தண்ணீர் மட்டும் குடித்திருந்தேன்.

மதியம் மசினகுடி.
தகரக்கூரை மெஸ், நாலே மேசை.
"களி இருக்கா?" என்றேன்.
"ஹிட்டு" என்று திருத்தினார் லிங்கி அக்கா,
கோத்தகிரிப் பக்கத்து படுகர்.
உருண்டையின் உச்சியில் கட்டைவிரல் குழி,
குழி நிறைய நெய்.
பக்கத்தில் அவரை உதக்கா,
உருளைக்கிழங்கு பாதி கரைந்து,
வீட்டில் இடித்த பொடியின் காரம்
விறகுப் புகை மாதிரி தொண்டையில் நின்றது.
நான் மென்றேன். பல்லெல்லாம் அப்பிக்கொண்டது.
"கடிக்காதீங்க சார். புரட்டி அப்படியே முழுங்குங்க.
பல்லுக்கு இதுல வேலையில்ல."

குணசுந்தரி என் தட்டுக்குக் கை நீட்டினாள்.
நெல்லிக்காய் அளவு பிய்த்தாள்.
நடுவில் ஒரு குழி.
பையிலிருந்து எப்போது எடுத்தாளோ தெரியாது,
மாத்திரை குழிக்குள் போனது.
மூடினாள். உருட்டினாள். நெய்யில் ஒரு முக்கு.
"திற."

கல்யாண மண்டபத்தில்
ஃபோட்டோக்காரர் சொன்னதற்காக ஊட்டினாள்.
அதற்குப் பிறகு இன்றுதான்.
நாலு மேசையும் பார்த்துக்கொண்டிருந்தன.
கன்னத்துக்குள் ஒதுக்கலாமா என்று யோசித்தேன்.
புறங்கையால் தாடையை
இரண்டு தட்டுத் தட்டினாள்.
போயிற்று.

இன்னொரு கரண்டி நெய்யோடு வந்த லிங்கி அக்காவிடம்
"அவருக்குப் போதும், எனக்கு ஊத்துங்க" என்றாள்.

சாயங்காலம் கல்லட்டி ஏற்றத்தில் பஸ் முனகியது.
அவள் என் தோளில் தூங்கிவிட்டாள்,
விரல்களில் இன்னும் ராகி மணம்.
பதினேழாவது வளைவில்
பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: புலி!
காலையில் வேனில் கேட்ட அதே குரல்.
பஸ்ஸில் ஒருவரும் அசையவில்லை.
நானும் திரும்பவில்லை,
தோளில் தலை இருந்தது.

இருந்திருக்கலாம்.